அத்தியாயம் 5: உங்கள் வேலையின் எந்தப் பகுதி முதலில் போகும்?

ஒரு தாளை எடுத்து, நேற்று வேலையிடத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று காலை முதல் மாலை வரை வரிசையாக எழுதுங்கள். பதவிப் பெயரை எழுத வேண்டாம். கிராணி, சூப்பர்வைசர், ஆபரேட்டர் என்பதெல்லாம் சம்பளச் சீட்டுக்கு உதவும், இந்த அத்தியாயத்துக்கு உதவாது. செயற்கை நுண்ணறிவு ஒரு பதவியை முழுதாக வாங்கிக்கொண்டு போவது அபூர்வம். ஒரு பதவிக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு காரியங்களில் நான்கைந்தை அது எடுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ளதற்கு எத்தனை ஆள் போதும் என்று முதலாளி அதற்குப் பிறகுதான் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே நம் கணக்கை நாம் போட்டு வைத்திருக்க வேண்டும்.

2024 நவம்பரில் அரசு அமைப்பான டேலண்ட்கார்ப் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். மலேசியாவின் பத்து முக்கியத் துறைகளில் ஏறக்குறைய 6,20,000 வேலைகள், அதாவது அந்தத் துறைகளில் 18 விழுக்காடு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பெரிய பாதிப்புக்கு உள்ளாகும் என்றது அது. செயற்கை நுண்ணறிவு, மின்னிலக்கம், பசுமைப் பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ‘பாதிப்பு’ என்று அறிக்கையில் இருந்தது மேடைக்கு வரும்போது ‘ஆறு லட்சம் பேருக்கு வேலை போகும்’ என்று ஆகிவிட்டது. அப்படி யாராவது பேசினால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் தாளைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.

எடைமேடையில் ஒரு நாள்

ஜொகூரில் ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் பக்கம் போனாலும் சரி, யோங் பெங் பக்கம் போனாலும் சரி, சாலையின் இருபுறமும் செம்பனைதான். ஆகவே ஆலை வாசலில் எடைமேடையில் உட்காரும் ஒரு கிராணியின் தாளை எடுத்துக்கொள்வோம்.

லோரி மேடையில் ஏறுகிறது. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். ஓட்டுநர் நீட்டும் சீட்டில் எந்தத் தோட்டம், எத்தனை குலை என்று பார்க்கிறார். மொத்த எடையைப் பதிகிறார். குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பி வந்ததும் அதன் எடையைப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுக்கிறார். மாலையில் அன்றைய சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் கணக்கு அனுப்புகிறார், கணக்கில் குறை சொல்லி வரும் கடிதத்துக்கு மலாயில் பதில் எழுதுகிறார். நடுநடுவே தொலைபேசி.

இதில் வண்டி எண்ணைக் காமிரா படித்துவிடும். எடை, கருவியிலிருந்து நேரே கணினிக்குப் போய்விடும். சீட்டில் கையால் எழுதியிருப்பதைப் படம் பிடித்தால் அதையும் ஓரளவு படித்து ஏற்றிவிடும். மாதக் கணக்கும் பதில் கடிதமும் சில நிமிட வேலை. விரலால் செய்த வேலையில் பெரும்பகுதி தீர்ந்தது.

தாளில் அவர் எழுத மறந்த ஒன்று உண்டு. லோரி உள்ளே வரும்போது கிளீனரும் கூட இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பிப் போகும்போது ஓட்டுநர் மட்டும் இருப்பார், மற்றவர்கள் வாசலுக்கு நடந்து போயிருப்பார்கள். மூன்று ஆள் எடை பழத்தின் கணக்கில் ஏறிவிடும். எடைமேடையில் பல வருடம் இருந்தவருக்கு வண்டி ஏறும்போதே கண் முன்னிருக்கைக்குப் போகும். அதேபோல, மேடைக்கு அடியில் மண் அடைத்துக்கொண்டால் எடை தப்பும் என்பதும், நேற்றைய மழைக்கு இன்றைய பழம் கனக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். காமிராவுக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் சொல்லிக் கொடுக்க முடியும், அந்த ஆள் மென்பொருள் கம்பெனியில் இல்லை.

எடைமேடையைத் தாண்டினால் குலையைத் தரம் பார்க்கும் இடம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரவிதிப்படி, பழுத்த குலை என்றால் சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும், பழம் உதிர்ந்த புதுக்குழி குறைந்தது பத்தாவது தெரிய வேண்டும், பாதிக்கு மேல் பழம் குலையிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இதைக் காமிராவால் செய்யும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அந்தக் காமிரா பழகுவதற்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ‘இது பழம், இது காய், இது அழுகல்’ என்று குறித்துக் கொடுப்பது யார்? தரம் பார்க்கத் தெரிந்தவர்தான். உங்கள் ஆலைக்கு அப்படி ஒரு கருவி வருகிறது என்று கேள்விப்பட்டால் ஒதுங்கி நிற்காதீர்கள். படம் குறிக்கும் வேலைக்கு ஆள் கேட்பார்கள், முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுங்கள். கருவி வந்த பிறகு அதன் தீர்ப்பைச் சரிபார்க்கவும் ஓர் ஆள் தேவைப்படும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத்தான் அந்த இடம் போகும்.

இனி உங்கள் தாளுக்கு வாருங்கள். ஒரே மாதிரியான தகவல் வந்து ஒரே மாதிரியான காகிதமாக வெளியே போகும் காரியங்களுக்குச் சிவப்பு மையால் கோடு போடுங்கள். ஆள் நேரில் நின்றே ஆக வேண்டியது, சண்டையைத் தீர்ப்பது, சட்டப்படி ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது, இவற்றை விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் சிவப்பு என்றால் அடுத்து வருவதை இந்த ஆண்டே செய்ய வேண்டும். சிவப்பே இல்லாதவர்களும், உதாரணமாக லோரி மெக்கானிக், குழாய் வேலைக்காரர், சமையல்காரர், அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

தெரிந்த வேலைக்குச் சான்றிதழ்

ஆயர் ஈத்தாமுக்கு மாற்றம் புதிதல்ல. முதல் எண் கூட்டரசு சாலையும் ஐம்பதாம் எண் சாலையும் சந்திக்கும் இடம் என்பதால் ஒரு காலத்தில் தெற்கே போகும் பஸ் எல்லாம் இங்கே நின்றுதான் போகும். 1994 இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் அந்தக் கூட்டம் ஊருக்கு வெளியிலேயே போகத் தொடங்கியது. மண்பாண்டக்காரர்கள் அதற்கும் முந்திய கதை: ஜொகூர்ப் பட்டறைகள் ரப்பர் தோட்டங்களுக்குப் பால் மங்கு செய்து வளர்ந்தவை, பிறகு பூந்தொட்டிக்கும் ஜாடிக்கும் மாறின. களிமண் தெரிந்தவர், சூளை தெரிந்தவர், பொருளை மாற்றிக்கொண்டு பிழைத்தார்.

தோட்டத்தில் இருந்த நம் ஆட்களால் அப்படி மாற முடியவில்லை. பால்மரம் வெட்டியவருக்கு இருந்த கைத்திறன் சாதாரணமானதல்ல. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் படலத்தில் கத்தி படக்கூடாது, பட்டால் மரம் பல வருடத்துக்குக் கெட்டது. விடியுமுன் இருட்டில் நூற்றுக்கணக்கான மரத்தில் அதைச் செய்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோதும், பின்னாளில் வீடமைப்புக்கு நிலம் போனபோதும், அந்தத் திறனைச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்கள் கையில் இல்லை. பட்டணத்துக்கு வந்து ‘அனுபவம் இல்லாதவர்’ என்ற கணக்கில் பாதுகாவலராகவும் துப்புரவாளராகவும் சேர்ந்தார்கள். திறமை இல்லாமல் விழவில்லை, காகிதம் இல்லாமல் விழுந்தார்கள். என் பார்வையில் இந்தச் சுற்றிலும் நம்மில் பலர் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

ஆகவே புதிதாக எதையும் படிக்கப் போவதற்கு முன், தெரிந்த வேலைக்குச் சான்றிதழ் வாங்குங்கள். இதற்கு ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியவே இல்லை. திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., மலேசியத் திறன் சான்றிதழை (எஸ்.கே.எம்.) வகுப்பில் உட்காராதவர்களுக்கும் கொடுக்கிறது. இந்த முறைக்கு பி.பி.டி. என்று பெயர்: முன்பே பெற்ற அனுபவத்தை அங்கீகரிப்பது. உங்கள் தொழிலுக்கு ஜே.பி.கே. வகுத்துள்ள தேசியத் திறன் தரத்தில் என்னென்ன கேட்டிருக்கிறதோ, அவற்றை நீங்கள் செய்கிறீர்கள் என்று ஒரு கோப்பில் ஆதாரம் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். எஸ்.பி.எம். தேர்ச்சி இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு.

கோப்பைத் தயாரிப்பதில்தான் பெரும்பாலோர் சோர்ந்து விடுகிறார்கள். நீங்கள் இயந்திரத்தில் வேலை செய்யும் படம் வேண்டும், முகமும் இயந்திரமும் சேர்ந்து தெரிய வேண்டும், தேதி இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் வாரம் இரண்டு படம் எடுத்து வைத்தாலே சில மாதத்தில் போதும் (வேலையிடத்தில் படம் எடுக்க மேலாளரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்). பழுதுபார்த்த பதிவேடு, வேலை ஆணை, பாதுகாப்புப் பயிற்சிக்குப் போன சீட்டு, எதையும் வீசாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முதலாளியின் கடிதம். ‘இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அது பெண் கேட்டுப் போகும்போது உதவும், மதிப்பீட்டாளருக்கு உதவாது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இயந்திரம், என்ன அளவு, என்னென்ன பழுதைத் தனியாகப் பார்த்தார், எத்தனை பேரை மேற்பார்த்தார் என்று இருக்க வேண்டும். மலாயில் நீங்களே வரைவு எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். பெரும்பாலான முதலாளிகள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

பி.பி.டி.க்கு ஆள் பிடிக்கும் முகவர்கள் புலனத்தில் நிறைய வருகிறார்கள். கோப்பு தயாரிக்க உதவி செய்து கட்டணம் வாங்குவது வேறு, ‘ஒன்றும் செய்ய வேண்டாம், பணம் கட்டினால் சான்றிதழ் வரும்’ என்பது வேறு. இரண்டாவது ஆளிடம் ஐ.சி. படத்தைக்கூட அனுப்பாதீர்கள். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பி.பி.டி. அவனுக்கு ஏற்றதல்ல. 2005 முதல் நடக்கும் எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறையில், பெரும்பங்கு நேரம் வேலையிடத்திலும் மீதி பயிற்சி நிலையத்திலும் கழித்து அதே எஸ்.கே.எம். வாங்கலாம். பத்து பகாட்டில் அட்டெக் பயிற்சி நிலையம் இருக்கிறது, பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கென்றே வளர்ந்த பல்கலைக்கழகம் அது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கே.எல். கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்டுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

என்ன படிப்பது

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வெள்ளி கட்டிப் படிக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிய ‘ஏஐ உந்தோக் ராக்யாட்’ இணையப் பாடம் இலவசம், தமிழிலும் இருக்கிறது. மைடிஜிட்டல் அமைப்பும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதை முடித்தால் வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, சொன்னால் நம்பவும் வேண்டாம். மேலாளர் கூட்டத்தில் பேசுவது புரியும், அவ்வளவுதான். அதுவே முதல் படிக்குப் போதும்.

கிராணி வேலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மின்விலைப்பட்டியல். வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக இ-இன்வோய்ஸைக் கட்டாயமாக்கி வருகிறது. பெரிய நிறுவனத்துக்குப் பொருள் கொடுக்கும் சிறு கடைக்கும் பட்டறைக்கும் அதன் அழுத்தம் வருகிறது. பில் அடிக்கும் வேலையை மென்பொருள் செய்துவிடும், நிராகரித்து வரும் பில் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதற்கு ஆள் தேவை. ஆயர் ஈத்தாமில் கணக்கு வழக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கடைகள் இருக்கின்றன. ஒருவர் நான்கைந்து கடைக்குப் பார்த்தால் அதுவே ஒரு வருமானம்.

கைவேலைக்காரர்கள் தெற்கே பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனம் என்விடியாவுடன் சேர்ந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை நிறுவப்போவதாக அறிவித்தது. செடெனாக்கிலும் தரவு மையங்கள் வந்துவிட்டன. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்த மையங்கள் கட்டும்போது நிறைய ஆள் வாங்கும், ஓடத் தொடங்கியபின் கொஞ்சம் ஆளோடு ஓடும். அந்தக் கொஞ்சம் ஆளில் கணினி படித்தவர்கள் ஒரு பங்குதான். இரவு பகலாக மின்சாரமும் குளிரூட்டலும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சட்டப்படி தகுதிச் சான்று வைத்திருப்பவர் வேண்டும். எரிசக்தி ஆணையம் கொடுக்கும் வயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழ்கள் இதற்குத்தான். வீட்டுக்கு வயரிங் செய்யும் தம்பி ஒருவர் உங்கள் தாமானில் நிச்சயம் இருப்பார். அவருக்கு மொழிமாதிரி, நிரலாக்கம் என்றெல்லாம் சொல்லிக் குழப்பாதீர்கள், முதலில் வயர்மேன் தேர்வுக்கு உட்காரச் சொல்லுங்கள், அனுபவம் சேர்ந்தபின் சார்ஜ்மேன். செயற்கை நுண்ணறிவால் வரும் வேலை என்றால் அதுவும்தான்.

வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் புதிய தொழிலுக்குப் போவதைவிட, இருக்கும் வேலையிலேயே கருவியைப் பழகுவது நல்லது. கைத்தொலைபேசியில் ஓர் இலவச உரையாடல் செயலியை இறக்கி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேளுங்கள். செம்பனையில் இருப்பவர் பழுத்த குலையைப் பற்றி, டயர் கடைக்காரர் லோரி டயர் காற்றழுத்தத்தைப் பற்றி. எவ்வளவு தைரியமாகத் தப்புச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சந்தேகம் மனதில் பதிந்த பிறகு மலாயில் கடிதம் எழுத, ஆங்கிலத்தில் வந்த கையேட்டைப் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்துங்கள். சக ஊழியரின் ஐ.சி. எண், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியல் எதையும் அதில் ஒட்டாதீர்கள்.

முதலாளியின் பணத்தில்

மலேசியத் தொழிலாளர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப்பில் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. 2021 இல் விரிவாக்கியபின் தோட்டத் துறையும் இதில் வந்துவிட்டது. அந்தப் பணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. அது உங்கள் பயிற்சிக்கென்றே இருக்கும் பணம், பயன்படுத்தாமல் விட்டால் காலாவதியாகிவிடும். ஆனால் தொழிலாளி நேரே விண்ணப்பிக்க முடியாது, முதலாளிதான் செய்ய வேண்டும். ஆகவே ‘பயிற்சி கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தப் பயிற்சி, எந்த நிலையம், எத்தனை நாள், உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மறுப்பதற்கு முதலாளி சொல்லும் வழக்கமான காரணம் ‘ஆள் பற்றாது’ என்பதுதான், அதற்குப் பதிலைக் கையோடு கொண்டு போவது நல்லது.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு இந்த வரி கிடையாது. அங்குள்ள ஸ்கில்ஸ்பியூச்சர் தொகையும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான். உங்கள் பயிற்சிச் செலவு உங்கள் கையிலிருந்துதான், அதற்கேற்ப மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வேலை போய்விட்டால்

ஆள்குறைப்பு என்றால் சும்மா அனுப்பிவிட முடியாது. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு 1980 ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு: ஓர் ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ என்றால் இருபது நாள். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல பெயரோடு போகலாம்’ என்று சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் இழப்பீடும் போகும், கீழே சொல்லும் உதவியும் போகும்.

2018 ஜனவரி முதல் உங்கள் சம்பளச் சீட்டில் சொக்சோவோடு எஸ்.ஐ.பி. என்று வேலைக் காப்புறுதிக்கான ஒரு சிறு பிடித்தம் இருக்கும். நீங்கள் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை இழந்தவருக்கு வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகையும், பயிற்சிக்குப் போனால் கட்டணமும் படியும் அதிலிருந்து கிடைக்கும். ராஜினாமா செய்தவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து போனவருக்கும் கிடையாது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் செய்யலாம், இல்லையென்றால் பத்து பகாட்டிலோ குளுவாங்கிலோ உள்ள சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். வெட்கப்பட்டு வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டுப் போனால் கதவு மூடியிருக்கும். அது தர்மப் பணம் அல்ல, மாதாமாதம் நீங்கள் கட்டியது.

வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். என்ன இயந்திரத்தில், எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தீர்கள் என்ற அந்தக் கடிதத்தை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். கம்பெனி மூடிய பிறகு அதில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.